ஏதுக் கேட்கும் அதிகாரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் 43 நாட்கள் சமஷ்டி அரசின் பணிமனைகள் பல முடங்கிக் கிடந்தன. வரவு செலவுக்கு வேண்டிய அங்கீகாரத்தைக் காங்கிரஸ் வழங்காமையே காரணம். அப்பிணக்கின் நடுவே நின்றது, நோய்க் காப்புறுதி வாங்குவோர்க்கு 2021இல் மிகுத்து வழங்கப்பட்ட அரச உதவியை நீடிப்பதா விடுவதா என்னும் வினாவாகும். நீடிப்பு எய்தாமலே அவ்வுதவி டிசெம்பருடன் முடிந்தது. அதுகாறும் உதவியினால் மறைந்திருந்த கட்டுப்பணத்தின் உண்மைப் பருமன் அதன்பின் பலர்க்கும் புலனாயிற்று.

அரச வைத்தியசாலையிற் கட்டணமின்றி மருந்து பெற்றுப் பழகிய நமக்கு இவ்வழக்குப் புதுமையாகத் தோன்றலாம். அந்நாட்டிலே முதியோர்க்கும் வறியோர்க்கும் அரசு தனித் திட்டங்களை நடத்துகின்றது. ஏனையோருட் பெரும்பாலார் காப்புறுதிக் கம்பனிக்கு மாதந்தோறும் கட்டுப்பணஞ் செலுத்தியே வைத்தியசாலைச் செலவினின்றும் தம்மைக் காத்துக் கொள்கின்றனர். கம்பனி அக்கட்டுப்பணத்தை உயர்த்துங்கால் அரசு என் செய்யும்? கண்காணிக்கும் என்பர். அக்கண்காணிப்பு எத்தகையது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

2010 பெப்ரவரியிலே, கலிபோர்ணியா மாநிலத்தில் ஆந்தம் புளூ குறொஸ் என்னுங் கம்பனி, தனியாகக் காப்புறுதி வாங்கியோருட் சிலர்க்கு நூற்றுக்கு 39 வீதம் வரை கட்டுப்பணம் ஏறும் என அறிவித்தது. அந்நாளிற் சுகாதாரத் துறைச் செயலாளராயிருந்த கதலீன் செபேலியஸ் அம்மையார் விளக்கங் கோரிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மாநிலம் அமர்த்திய கணக்கு வல்லுநர் கம்பனியின் கணிப்பை ஆராய, அதிற் பிழைகள் வெளிப்பட்டன. ஏப்ரில் மாதத்திற் கம்பனி தன் கோரிக்கையை மீட்டுக்கொண்டு, பின்னர்க் குறைந்ததோர் உயர்வையே கேட்டது. கணக்கைக் காட்டுமாறு வற்புறுத்தியதே இத்துணையுஞ் செய்தது என்பதை மனங்கொள்க.

அவ்வாண்டு மார்ச்சு 23ஆந் திகதி சனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சுகாதாரச் சட்டம் இவ்வற்புறுத்தலை விதியாக்கிற்று. தனியாட்களுக்கும் சிறு தொழில் நிலையங்களுக்கும் விற்கப்படுங் காப்புறுதியில், நூற்றுக்கு 10 வீதமோ அதற்கு மேலோ உயர்த்த விழையுங் கம்பனி அதற்குக் காரணங் காட்டல் வேண்டும் என்னும் முறை 2011 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெல்லை 2019ஆம் ஆண்டுக்குரிய கட்டுப்பணம் முதலாக 15 வீதமாக்கப்பட்டது. ஆகவே 14 வீதம் உயர்த்துங் கம்பனி சமஷ்டி விதியின் இவ்வினாவுக்கு உட்படாது. மாநிலச் சட்டம் கேட்டாலன்றி அது தப்பிவிடும். உயர்வு நியாயமற்றது என முடிவு செய்யப்பட்டாலோ, கம்பனி தன் சமாதானத்தைப் பொதுமக்கள் காண வெளியிடல் வேண்டும். வெளியிட்டபின் அதே தொகையை அறவிடுதலைச் சமஷ்டி அரசு தடுக்கவியலாது.

நியாயம் என்னுஞ் சொல் நம் மொழியிலே தருக்கத்தையும் நீதியையும் ஒருங்கே குறிக்கும். பக்கம், ஏது, திட்டாந்தம் என மணிமேகலையில் அளவை பயின்ற மாணவர் ஒரு துணிபுக்கு ஏதுக் காட்டுவது எங்ஙனம் என்பதை அறிவர். அச்சட்டம் கம்பனியிடங் கேட்பது ஏதுவை. கட்டுப்பணஞ் செலுத்துங் குடும்பம் அரசிடம் எதிர்பார்ப்பது நீதியை. வைத்தியசாலைகள் விலை உயர்த்தின, மருந்து விலை ஏறிற்று என்பன குற்றமற்ற ஏதுக்களே. அவற்றாற் குடும்பத்தின் சுமை இறங்குமாறில்லை.

மறுக்கும் அதிகாரம் மாநிலங்களின் பாலது. 1945இல் இயற்றப்பட்ட மக்கறன்-பேர்குசன் சட்டம் காப்புறுதி ஒழுங்கை அவற்றிடமே விட்டது. சில மாநிலங்கள் முன் அனுமதி கேட்கும். சில கணக்கைப் பெற்று ஆராய்வதோடு அமையும். கலிபோர்ணியாவின் நிலை நகைப்புக்கிடமானது. 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் பிரேரணையின்படி, மோட்டார் வண்டிக்கும் வீட்டுக்குமுரிய காப்புறுதி உயர்வை மறுக்கும் வலிமை அம்மாநிலக் காப்புறுதி ஆணையாளர்க்கு உண்டு. வண்டியோட்டும் மனிதனின் உடம்புக்குரிய காப்புறுதியில் அவ்வலிமை இல்லை. அதனை வழங்கக் கொணர்ந்த 45ஆம் பிரேரணையை 2014இல் வாக்காளரே தோற்கடித்தனர். கம்பனிகள் பெரும்பணஞ் செலவிட்டு எதிர்த்தமை மெய். எனினும், கம்பனிகளோடு பேரம்பேசும் மாநிலக் காப்புறுதிச் சந்தையின் பணிக்கு அஃது இடையூறாகும் என்ற வாதமும் புறந்தள்ளத்தக்கதன்று.

மறுத்தலிலும் இடருண்டு. அச்சட்டத்தின்கீழ் அரச கடன் பெற்றுத் தோன்றிய 23 கூட்டுறவுக் காப்புறுதி நிறுவனங்களுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளுள் மூடப்பட்டன. செலவுக்குப் போதாத கட்டுப்பணம் வைத்தமை அதற்கு ஒரு காரணம். மிகைக்கட்டணம் குடும்பத்தை வருத்தும். குறைகட்டணமோ நோயாளியை நடுவழியிற் கைவிடும்.

இலாபத்துக்கு எல்லை கட்டும் விதியொன்றும் உண்டு. தனியாட் காப்புறுதியிற் பெறும் 100 டொலரில் 80ஐயேனும் வைத்தியத்துக்கும் அதன் தரத்தை உயர்த்துதற்குஞ் செலவிடாத கம்பனி, குறைந்த தொகையை மீள அளித்தல் வேண்டும். 2012இல் முதன்முறை அளிக்கப்பட்டது ஏறத்தாழ 110 கோடி டொலர். நன்றே. ஆயினும் எஞ்சிய 20 டொலர் கம்பனியின் பங்காகலின், வைத்தியச் செலவு பெருகப் பெருக அப்பங்கும் பெருகும். செலவைக் குறைக்குங் கம்பனிக்கு வருவாய் சுருங்கும்.

ஆதலின் நோயின் வேர் கட்டுப்பணத்தில் அன்று, வைத்தியசாலையின் விலைப்பட்டியலில் உள்ளது என்பது எமது துணிபு. இதனை உணர்ந்து நடந்தவை இரு சிறு மாநிலங்கள். றோட் ஐலண்டின் சுகாதாரக் காப்புறுதி ஆணையாளர் 2010இல், கம்பனிகள் வைத்தியசாலைகளோடு செய்யும் ஒப்பந்தங்களிலேயே ஆண்டுதோறும் விலை ஏறும் அளவுக்கு வரம்பு கட்டினார். வேர்மொண்டிலோ, 2011இல் அமைந்த கிறீன் மவுண்டன் பராமரிப்புச் சபை ஒரு கையாற் கட்டுப்பணத்தையும் மறுகையால் வைத்தியசாலைகளின் வரவு செலவையும் ஆராய்கின்றது. பிற மாநிலங்கள் முதலிற் கற்கவேண்டிய பாடம் இவ்விடத்தே உளது.

அங்குங்கூட ஒருசாரார் புறத்தே நிற்கின்றனர். பெருந்தொழில் நிறுவனங்கள் பல தம் ஊழியரின் நோய்ச் செலவைத் தாமே பொறுத்து, கணக்கெழுதும் வேலையை மாத்திரம் காப்புறுதிக் கம்பனியிடம் ஒப்படைத்துள்ளன. ஊழியர் கையிலுள்ள அட்டையிற் கம்பனியின் பெயரே இருக்கும். ஆனால் 1974ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்தினால் அத்திட்டங்கள் மாநிலங்களின் காப்புறுதி விதிக்கு அப்பாற்பட்டன. தொழில்தருநர் வழியே காப்புறுதி பெறுவோருட் பெரும்பகுதியினர் இத்தகையோரே. தொழில்தருநர் வழிக் குடும்பக் காப்புறுதியின் சராசரி ஆண்டுத் தொகை 2024இல் 25,572 டொலராக இருந்தது. சம்பளத்திற் கழியுந் தம் பங்கு ஏன் ஏறிற்று என்று இவ்வூழியர் வினவ விரும்பின், தம் நிறுவனத்தின் பணிமனைக் கதவையே தட்டுதல் வேண்டும். மாநில ஆணையாளர் அவர்கள் பொருட்டு ஏதுக் கேட்பதற்கும் அதிகாரம் இல்லாதவர்.