பிடி கெட்டால் கத்தியை எறிவதா?

வேலைக் காலம் தொடங்குமுன் அரிவாளையும் கத்தியையும் பட்டறைக்குக் கொண்டுபோய் வாய் தீட்டி வருவது நம் விவசாயிகளின் வழக்கம். பிடியை யாரும் பார்ப்பதில்லை. பிடி ஆடினால் சணலைச் சுற்றுகிறோம். மேலும் ஆடினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் கத்தியைப் பரணில் போட்டுவிட்டுச் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் பிடி போட்ட புதுக் கத்தி ஒன்றை வாங்கி வருகிறோம். மூன்றும் தவறு என்பது என் கருத்து. மூன்றாவது பணத்துக்குக் கேடு. முதல் இரண்டும் கைக்குக் கேடு.

நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்ட காலத்தில் கத்திப் பிடியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் கேட்கலாம். வாடிப்பட்டி முதல் மேலூர் வரை பெரியாறு பாசனப் பகுதியில் நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது உண்மைதான். ஆனால் வாழைத்தார் இறக்குவது, இலை அறுப்பது, சோழவந்தான் கொடிக்கால்களில் அகத்தி கழிப்பது, கரும்பு வெட்டுவது, தென்னை மட்டை கழிப்பது, மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்குவது எல்லாம் இன்றும் கைவேலைதான். இவற்றில் பெரும்பகுதியைச் சிறு விவசாயிகளும் கூலிக்கு வரும் பெண்களும் செய்கிறார்கள். அவர்களுக்கு நாள் முழுவதும் கையில் இருக்கும் இயந்திரம் அந்தக் கத்திதான்.

நம் பகுதியில் கிடைக்கும் அலகு சாதாரணமானதல்ல. மதுரைக்குக் கிழக்கே இராமேசுவரம் சாலையில் உள்ள திருப்பாச்சேத்தியின் பெயர் அரிவாளுக்காகவே நாடெங்கும் தெரியும். 2005-இல் வந்த திரைப்படம் அந்தப் பெயரை ஆயுதத்தோடு சேர்த்து இன்னும் பரப்பிவிட்டது. கருவேல் கழிக்கவும் இளநீர் சீவவும் அதே அரிவாளைத்தான் நாம் எடுக்கிறோம் என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியாது. பட்டறைகளில் அரிவாள் அடிக்கப் பெரிதும் பயன்படுவது பழைய லாரியின் வில் பட்டை. அந்த எஃகில் கரிச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் இருக்கும். முறையாகத் துவைச்சல் கொடுத்த அத்தகைய அலகு இருபது வருடம் தேயத் தேய உழைக்கும். மரப்பிடிக்கு அந்த ஆயுள் கிடையாது. ஆகவே ஓர் அலகின் ஆயுளில் மூன்று நான்கு பிடி மாறுவதுதான் இயல்பு. பிடி கெட்டதற்காக அலகை எறிவது, வார் அறுந்ததற்காகச் செருப்பை எறிவதைப் போன்றது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் ஓடும் இரும்பை வால் என்று சொல்வோம். கதிர் அரிவாளில் வால் ஊசிபோல் கூராகி, கடைந்த பிடிக்குள் இறங்கியிருக்கும். வாய்ப்பக்கம் ஒரு பூண் இருக்கும். வெட்டுக்கத்தியிலும் வாழைக்கத்தியிலும் வால் தட்டையாகப் பிடியின் முழு நீளத்துக்கும் வரும். இருபுறமும் இரண்டு மரக்கட்டைகளை வைத்து இரண்டு அல்லது மூன்று ரிவெட் அடித்திருப்பார்கள். இந்த இரண்டாவது வகையில்தான் ஆபத்து வெளியே தெரியாமல் வளரும். கட்டை சிறிது விலகினால் அந்த இடுக்கில் வியர்வை இறங்குகிறது. வியர்வையில் உப்பு உண்டு. வாழைச்சாறும் இறங்குகிறது; அதன் துவர்ப்புச் சத்து இரும்பைக் கறுக்க வைக்கும். அதே கத்தியால் பொட்டாஷ் மூட்டையைக் கிழிப்பவர்களும் உண்டு. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, இரும்புக்கு அதைவிடப் பகை வேறில்லை. இத்தனைக்கும் மேல் டியூபைச் சுற்றினால் ஈரம் வெளியேற வழியே இல்லை. பிடி இறுகிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே ரிவெட் ஓட்டையைச் சுற்றி வால் அரித்துக்கொண்டே போகும். ஒரு நாள் ஓங்கி வெட்டும்போது அந்த இடத்தில் முறிந்து அலகு பறக்கும். எதிரே அகத்தி பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்பதை அப்போதுதான் பார்ப்போம்.

ஆகவே ஆடும் பிடியைக் கட்டாதீர்கள், கழற்றுங்கள். கழற்றுவதிலும் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. பழைய கட்டை எளிதாகப் போகட்டும் என்று கத்தியை அப்படியே அடுப்பில் செருகிவிடுவார்கள். விறகுத் தணலின் சூடு 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். எஃகு 300 டிகிரியை எட்டும்போதே நீலம் பாய்ந்து துவைச்சல் இறங்கத் தொடங்கிவிடும். கட்டை எரிந்து முடிவதற்குள் வாயின் பின்பாதி மெத்தென்று ஆகிவிடும். பிறகு எத்தனை முறை சாணை பிடித்தாலும் மறுநாளே மழுங்கும். பழி பட்டறைக்காரர் மேல் விழும். ரிவெட்டின் தலையை அரத்தால் ராவிவிட்டு, மழுங்கிய ஆணியை வைத்துத் தட்டினால் தானாக வெளியே வரும். பத்து நிமிட வேலை. கதிர் அரிவாளுக்குப் பிடி இறக்கும்போது வாலைச் சூடுபடுத்தத்தான் வேண்டும். அப்போதும் அலகில் நனைத்த சாக்கைச் சுற்றிக்கொண்டு வாலின் நுனியை மட்டும் தணலில் காட்ட வேண்டும்.

கழற்றிய வாலைப் புளிக்கரைசலில் ஓர் இரவு நிற்க வைத்தால் துரு இளகும். காலையில் தேய்த்துக் கழுவி, சாம்பல் போட்டு இன்னொரு முறை கழுவி, வெயிலில் காய வையுங்கள். இப்போது வாலை நன்றாகப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பள்ளம் விழுந்து இரும்பு பாதியாகத் தேய்ந்திருந்தால், அந்தக் கத்திக்குப் புதுப் பிடி வேண்டாம். பட்டறையில் கொடுத்து அலகை வெட்டிச் சிறு கத்தியாக அடித்துக்கொள்ளுங்கள்.

மரம் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நாட்டுக் கருவேலின் வைரம் சிறந்தது. கோடரிக் காம்புக்கும் வண்டிக்கும் அதைத்தான் நம் முன்னோர் எடுத்தார்கள். வாகையும் நன்று. கொய்யாக் கிளை முதிர்ந்ததாக இருந்தால் நன்றாகவே உழைக்கும். பனை, தென்னை வேண்டாம். நார் பிரிந்து உள்ளங்கையில் ஏறும். ஆனால் நான் பரிந்துரைக்கும் மரத்தைக் கேட்டால் பலர் சிரிக்கக்கூடும். அது சீமைக் கருவேல். கண்மாயையும் தரிசையும் கெடுத்த மரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றியதை எல்லாம் கரிமூட்டத்தில் போடுவதுதான் வருத்தம். அதன் உள்வைரம் கடினமானது. காயும்போது சுருங்குவது மற்ற மரங்களைவிட மிகவும் குறைவு. பிடிக்கு வேண்டிய குணம் அதுதான். மதுரை வெயிலில் சித்திரையில் சுருங்கி ஐப்பசி மழையில் ஊதும் மரத்தை ரிவெட் எத்தனை நாள் பிடித்து வைக்கும்? ஊதும்போது ஆணியைச் சுற்றி மரம் நசுங்குகிறது. சுருங்கும்போது அந்த இடம் ஓட்டையாக நிற்கிறது. பிடி ஆடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பச்சை மரத்தில் பிடி போட்டால், எந்த மரமானாலும் ஒரு கோடையைத் தாண்டாது.

இரண்டு கட்டைகளையும் ஒரே துண்டிலிருந்து, இழை நீளவாக்கில் ஓடும்படி அறுத்துக்கொள்ள வேண்டும். முதல் கட்டையை வாலோடு இறுகக் கட்டி, வாலில் உள்ள ஓட்டை வழியாகவே துளையிட்டு, பிறகு மறுகட்டையைச் சேர்த்துத் துளையிட்டால் ஓட்டைகள் பிசகாது. ரிவெட்டுக்கு இரும்பு ஆணி வேண்டாம். துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். மின்சாரக் கடையில் கிடைக்கும் தடித்த செம்புக் கம்பித் துண்டு போதும். ஓட்டை கம்பியின் பருமனுக்குச் சரியாக இருக்கட்டும். தலையைச் சிறு சுத்தியால் பல அடியாகத் தட்டிப் பரப்ப வேண்டும், ஒரே அடியில் அல்ல. கட்டைக்கும் வாலுக்கும் நடுவே அரால்டைட் போன்ற பசையை மெல்லப் பூசினால் ஈரம் இறங்க வழியிருக்காது. முன்னாளில் அரக்கு இந்த வேலையைச் செய்தது.

அளவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கடையில் விற்கும் பிடிகள் எல்லாம் ஒரே பருமன். பிடிக்கும் கைகள் ஒரே பருமனா? பொதுவாக ஒன்றேகால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையுள்ள பருமன் கைக்கு இதம். பெண்களின் கைக்கு இதில் கீழ் அளவோ அதற்கும் சற்றுக் குறைவோ வேண்டும். பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரல் நுனி நடுவிரல் நகத்தின் மேல் படிய வேண்டும். படியாவிட்டால் நாள் முழுவதும் விரல்கள் வீண் பலம் போடுகின்றன. மாலையில் மணிக்கட்டு கடுக்கும். உருண்டையாகவும் செதுக்க வேண்டாம். முட்டை வடிவாக இருந்தால் வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். முன்பக்கம் ஒரு சிறு மேடு விட்டால் ஈரக்கை வழுக்கி வாயின் மேல் போகாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய நவீன் அரிவாளில் அலகோடு பிடியின் வடிவத்துக்கும் கவனம் செலுத்தினார்கள். அந்த அக்கறை நம் வாழைக்கத்திக்கும் கரும்புக் கத்திக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

இதில் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் பங்கு உண்டு. உழவர் விழாக்களில் டிராக்டரையும் டிரோனையும் காட்டுகிறோம். ஓரத்தில் ஒரு கொல்லரை உட்கார வைத்துப் பிடி மாற்றிக் காட்டச் சொன்னால் அதைச் சுற்றித்தான் பெண்கள் கூட்டம் நிற்கும் என்பது என் எண்ணம். அரசு மானியத்தில் கைக்கருவித் தொகுப்புகள் வழங்கப்படும்போது, பிடி கழற்றி மாற்றத்தக்கதாகவும் இரண்டு அளவுகளிலும் இருக்க வேண்டும் என்று கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த பிடிக்குள் வால் இரண்டு அங்குலம்கூட இருப்பதில்லை. அது உடைந்தால் பழுது பார்க்க எந்தப் பட்டறையாலும் முடியாது. 2021-இல் கத்தி, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்து வைக்கும்படி காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. காரணம் புரிகிறது. ஆனால் குறைந்துவரும் கொல்லருக்குப் பழைய கத்திக்குப் பிடி போடும் வேலையாவது ஊரில் தொடர்ந்து கிடைத்தால்தான், நாளை நமக்கு வாய் தீட்ட ஆள் இருப்பார்.

பிடி போட்டபின் வார்னிஷ் அடிக்க வேண்டாம். வியர்வையில் வழுக்கும், கொப்புளம் போடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மூன்று நாள் தேய்த்தால் மரம் குடித்து இறுகும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காயாமல் பிசுபிசுக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடாகித் தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் காயப் போட்டுப் பிறகு எறியுங்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. மரம் அப்போதுதான் முழுக்கக் காய்ந்திருக்கும். அதற்கு இப்போதே, அடுத்த முறை சீமைக் கருவேல் வெட்டி மூட்டம் போடுமுன், தொடை பருமனுள்ள அடித்துண்டில் ஒரு முழ நீளம் எடுத்து, பட்டை சீவி, நெடுக்காகப் பிளந்து, முனைகளில் சாணம் பூசி நிழலில் அடுக்கி வையுங்கள். முள் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் நாலைந்து கத்திகளுக்குக் கட்டை கிடைக்கும்.