தேசத்துக்கு மின்சாரம், ஆதிவாசிக்குக் கதிர்வீச்சு

அவிநாசிபாளையம் பனியன் கம்பெனிகளில் ஜார்க்கண்ட் தோழர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் மாநிலத்தில்தான் ஜாதுகோடா யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. 1967இல் அதற்கென்றே அரசு நிறுவனம் வந்தது. நிலத்தை இழந்தவர்கள் சந்தால், ஹோ ஆதிவாசிகள். குழியில் இறங்கியதும் அவர்களே. ரேடான் வாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. நுரையீரலில் புற்றாக முளைக்கும். தூசி படிந்த சீருடையை வீட்டுப் பெண்கள் துவைத்தார்கள். கேள்வி கேட்டால் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தைக் காட்டி ரகசியம் என்றார்கள். 2004இல் உச்ச நீதிமன்றமும் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது.

தேச நலனாம்! இங்கே கழிவுநீர்த் தொட்டியில் யாரை இறக்குகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? சேரி வேறு, காடு வேறு என்று நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது தோழர்களே. சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை வெளியிடு என்று சேர்ந்தே கேட்போம்.