காசு கொடுத்து வாங்கிய கர்னல் பதவி

முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளி ஸ்வெட்டருக்கு 'கார்டிகன்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பட்டப் பெயரிலிருந்து வந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஜேம்ஸ் புருடெனல், ஏழாவது கார்டிகன் பிரபு (1797-1868), பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி. சிலர் இவரை மாவீரர் என்பார்கள், சிலர் முட்டாள் என்பார்கள். என்னைக் கேட்டால், இவர் அந்தப் பதவிக்கு எப்படி வந்தார் என்பதுதான் விஷயமே.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படையிலும் காலாட்படையிலும் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். 1824-ல் 26 வயதில் சேர்ந்தவர், போர்க்களத்தையே பார்க்காமல் 1832-ல் ஒரு ரெஜிமெண்டுக்குத் தலைவராகிவிட்டார்! தனக்குக் கீழிருந்த கேப்டன் ஒருவர் மேல் குற்றம் சுமத்தினார். ராணுவ நீதிமன்றம் அந்தக் கேப்டனை விடுவித்தது. 1834-ல் பதவி பறிபோனது இவருக்குத்தான். அதோடு முடிந்ததா? 1836-ல் இன்னொரு ரெஜிமெண்ட் கிடைத்தது. அதற்குக் கொடுத்த தொகை சுமார் 40,000 பவுண்டு என்பார்கள்.

அங்கே இந்தியாவில் பல வருஷம் வேலை பார்த்த அனுபவசாலிகள் இருந்தார்கள். அவர்களைக் கண்டாலே இவருக்கு இளக்காரம். 1840-ல், விருந்து மேஜையில் ஒயினைக் கறுப்பு பாட்டிலோடு வைத்ததில் தொடங்கிய தகராறில் கேப்டன் ரெனால்ட்ஸைக் கைது செய்தார். அதே வருஷம் துப்பாக்கிச் சண்டையில் டக்கெட் என்ற முன்னாள் அதிகாரியைச் சுட்டுக் காயப்படுத்தினார். 1841-ல் பிரபுக்கள் சபை இவரை விடுதலை செய்தது. காரணம்? காயம்பட்டவரின் முழுப்பெயரைச் சரியாக நிரூபிக்கவில்லையாம்!

பிறகு 1854 அக்டோபர் 25, கிரீமியாவில் பாலக்லாவா. மூன்று பக்கமும் ரஷ்ய பீரங்கிகள் இருந்த பள்ளத்தாக்குக்குள் சுமார் 670 குதிரை வீரர்களை நடத்திப் போனார். ஏறக்குறைய 110 பேர் செத்தார்கள். நியாயமாகச் சொன்னால் அந்தக் குழப்பமான உத்தரவு இவர் போட்டதல்ல. ஆபத்தைச் சுட்டிக்காட்டினார், பிறகு தானே முன்னால் போனார். தைரியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உத்தரவைக் கொண்டுவந்த மேலதிகாரி லூக்கன் பிரபு, இவர் தங்கையை மணந்தவர். அவரும் ரெஜிமெண்டை விலைக்கு வாங்கியவர்தான். இருவருக்கும் ஆகவே ஆகாது. உட்கார்ந்து நாலு வார்த்தை பேசித் தெளிவாக்கிக்கொள்ளும் உறவு அங்கே இல்லை.

சொத்துள்ளவர்கள் அதிகாரிகளாக இருந்தால் ராணுவம் அரசுக்கு எதிராகத் திரும்பாது என்று இந்த முறைக்கு வக்காலத்து வாங்கினார்கள். சரி, அதே ராணுவத்தில் பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் பதவி விற்பனை கிடையாதே? அங்கே படித்துப் பயிற்சி பெற வேண்டும். பீரங்கியைக் குறி வைக்கக் கணக்கு தெரிய வேண்டுமாம். 670 உயிர்களை நடத்த மட்டும் காசு போதுமாம்!

1871-ல் இந்த விற்பனையை ஒழித்தார்கள். காசுக்கு சீட் வாங்குவது பற்றி நாம் கேன்டீனில் வாதாடும்போதெல்லாம் எனக்கு இந்த ஆள் ஞாபகம்தான் வருகிறது. வாங்கியவர் நல்லவராகவே, தைரியசாலியாகவே இருக்கட்டும். அவர் தடுமாறும் நாளில் விலை கொடுக்கப்போவது வேறு யாரோதானே?