யாருடைய அரிசி பறிபோகிறது?

‘உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு எதற்குச் சலுகை அரிசி? பரம ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் கேரளத்தின் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். கணவருக்குச் சாலை பஜாரில் வேலை, மனைவிக்குத் துணிக்கடையில், இரண்டு பிள்ளைகள். கேரள விதிப்படி குடும்ப வருமானம் மாதம் 25,000 ரூபாயைத் தாண்டினால் முன்னுரிமைக் குடும்பங்களுக்கான இளஞ்சிவப்பு ரேஷன் அட்டை பறிபோகும். ஆளுக்கு 5 கிலோ வீதம் 20 கிலோ இலவசத் தானியமும் கூடவே போகும். வெளியே கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய். முன்னுரிமை இல்லாதோருக்கான வெள்ளை அட்டைக்கு 10.90 ரூபாயில் கிடைக்கும் சில கிலோவைக் கழித்தாலும், எல்லையைத் தாண்டவைத்த 500 ரூபாய் சம்பள உயர்வு அவர்களுக்கு நஷ்டம்தான்.

இது பணக்காரரைக் களையெடுக்கும் விதி அல்ல. 2016இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்துக்கு வந்தபோது, முன்னுரிமைப் பயனாளிகள் சுமார் 1.54 கோடி பேர் என்று உச்சவரம்பு விழுந்தது. ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியேற வேண்டும். அதே சட்டத்தை ஏற்ற தமிழ்நாடு, அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை.

வருமானம் கூடக் கூட அரிசியைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரே வெட்டாக வெட்டாதீர்கள்.