வெயிலை மட்டும் நம்பியிருக்க முடியாது

கடலூரிலும் சிதம்பரத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயில் தோலில் பட்டால் உடம்பே தயாரித்துக்கொள்ளும் சத்துதான் வைட்டமின் டி. அப்படியிருந்தும் நம் நாட்டுப் பிள்ளைகளிடம் அது குறைகிறது. மத்திய அரசின் 2016-18 விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதினரில் 14 சதவீதம், 5 முதல் 9 வயதினரில் 18 சதவீதம், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. வயது ஏற ஏறக் குறைபாடும் கூடியிருக்கிறது.

குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டினால் போதும் என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. ஆனால் சாய்வாக விழும் காலை வெயிலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் புற ஊதாக் கதிர்கள் மிகக் குறைவு. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் அவை நன்றாகக் கிடைக்கின்றன. சித்திரை, வைகாசியில் அந்த நேரத்துக் கடலூர் வெயிலில் கைக்குழந்தையைக் கிடத்த எந்தத் தாயும் துணிய மாட்டாள், துணியவும் கூடாது.

உணவும் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. மத்தி, கவளை போன்ற கொழுப்புள்ள மீன்களில் இந்தச் சத்து நிறைய உண்டு. முட்டை மஞ்சள் கருவில் ஓரளவு உண்டு. கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மீன் வந்திறங்கினாலும், ஆறு மாதக் குழந்தைக்கு அது எப்படிப் போதும்? தாய்ப்பாலுக்கு ஈடில்லை; ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. தாய்க்கே குறை இருந்தால், குழந்தை பிறக்கும்போதே குறையோடு பிறக்கிறது.

விளைவு எலும்பில் தெரியும். மணிக்கட்டு தடிக்கும், உச்சிக்குழி மூடத் தாமதமாகும், நடக்கத் தொடங்கியதும் கால்கள் வளையும். சில கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்து வலிப்பே வருகிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இந்த எலும்பு மென்மை நோயும் இருக்கிறது. ஆனால் அது வந்த நோயைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. நமக்குத் தேவை வருமுன் காக்கும் ஏற்பாடு.

வழி தெரியாமலும் இல்லை. பிறந்தது முதல் ஓராண்டு வரை தினமும் 400 அலகு வைட்டமின் டி கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம். வசதியுள்ள வீடுகள் மருந்துக் கடையில் சொட்டு மருந்தை வாங்கிக்கொள்கின்றன. கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தின் குழந்தைக்கு அது ஏன் கிடைக்கக் கூடாது? பார்வையைக் காக்க வைட்டமின் ஏ-யைக் கொடுக்கும் அரசு, எலும்பைக் காக்கவும் அதையே செய்ய வேண்டும்.

இதைக் கடலூர் மாவட்டத்திலேயே தொடங்கலாம். புதன்கிழமைகளில் தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் கிராம சுகாதார செவிலியர் இந்தச் சொட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கட்டும். செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் பயிற்சி தரும் பொறுப்பைச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவு ஏற்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்தச் சத்து மிகுந்தாலும் கேடு. கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். கடைகளில் ஒரு மில்லியில் 400 அலகு உள்ள பாட்டிலும் உண்டு, 800 அலகு உள்ளதும் உண்டு. எனவே அரசு ஒரே அளவுள்ள மருந்தை, கோடு போட்ட சொட்டுக்குழாயுடன் தர வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி ஏழைகளைச் செலவுக்குள் தள்ளுவது தேவையற்றது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வழி வேறு. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கல்வித் துறை நிறுத்த வேண்டும். கோடை நீங்கலான மாதங்களில் நண்பகலுக்கு முன் கால் மணி நேரமாவது பிள்ளைகள் மைதானத்தில் இருக்கட்டும். பாலும் ஒரு வழி. பாலில் வைட்டமின் டி சேர்ப்பதை 2003இல் தொடங்கி 2010இல் இரட்டிப்பாக்கிய பின்லாந்தில், மக்களின் வைட்டமின் டி அளவு கண்கூடாக உயர்ந்தது. ஆவின் விற்கும் பால் அனைத்தும் அப்படிச் செறிவூட்டப்பட வேண்டும்.

செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடி இருக்கிறது, தடுப்பூசி நாளும் இருக்கிறது. சொட்டு மருந்து மட்டும்தான் இல்லை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.