பழைய கார் வாங்குமுன் குனிந்து பாருங்கள்!

கங்கைகொண்டான் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் புதுக் கார்கள் பறக்கின்றன. நடுவே பழைய கார் ஒன்று வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "நாமும் ஒன்று வாங்கிச் சீர்செய்தால் என்ன?" என்று வாலிபர்களுக்கு ஆசை பிறக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டில் அபூர்வம். அதற்கு நெருங்கிய உறவு, 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. 1962-ல் இங்கிலாந்தில் வந்த 'டிரையம்ப் ஸ்பிட்பயர்' ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டதே. இரண்டிலும் முன்மூடி முழுவதும் தூக்கித் திறக்கும். வேலை பழகுகிறவருக்கு இது வசதி.

ஆபத்து இருப்பது அடியில். இந்தக் கார்களைத் தாங்குவது சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம். சட்டத்தைத் துரு அரித்துவிட்டால், பழுதுச் செலவு வாங்கிய விலையையே விழுங்கிவிடும். மேலே பூசிய வர்ணம் அதை மறைத்துவிடும்!

அரசு விதியும் இதையே பார்க்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய காரைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி இருக்கவேண்டும். இப்படிப் பதிந்த காரைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம், தினசரி ஓட்டக்கூடாது.

ஆகவே, அனுபவமுள்ள மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் காரில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வீட்டுச் சேமிப்பில் கை வைப்பது அதன் பிறகு இருக்கட்டும்.