செயலர் அறையில் யார்?

திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரிக்கு 2023-ல் நூறு ஆண்டு நிறைந்தது. நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி போகிறவர்களுக்குத் தெரிந்த கல்லூரிதான். தெப்பக்குளம் பக்கம், எதிரும் புதிருமாகக் கடைத்தெரு, நடுவே அந்த மதில்.

1923-ல் பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு என்றாலே ஊர் சிரிக்கும். சென்னையில் ராணி மேரி கல்லூரி தொடங்கி ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நாளில் திருச்சியில் துணிந்து தொடங்கியவர்கள் சவனோ திருச்சிலுவைக் கன்னியர்கள். சவனோ என்பது இன்றைய பிரான்சில், சவாய் மலைப்பக்கத்தில் ஒரு கிராமம். 1838-ல் மெர்மியே என்ற பாதிரியாரும் கிளாடின் எஷர்னியே என்ற பெண்மணியும் அங்கே இந்தச் சபையைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும் நோயாளிகளைப் பார்ப்பதும்தான் அவர்கள் வேலை. அந்த வழியில் வந்தவர்கள் காவிரிக்கரையில் கல்லூரி வைத்தார்கள்.

பின்னால் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் (1947), கோவை நிர்மலா (1948), மதுரை பாத்திமா (1953), வேலூர் ஆக்சீலியம் (1954) என்று வெவ்வேறு சபைக் கன்னியர்கள் வரிசையாகத் தொடங்கினார்கள். ஸ்டெல்லா மாரிஸ் தொடங்கியது சரியாக ஆகஸ்டு 15 அன்று.

"வயசுப் புள்ளைய வெளியூர்ல எங்கீங்க உடறது?" என்று கேட்ட நம் பக்கத்து அப்பாக்கள் கன்னியர் மட விடுதி என்றால் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கட்டுப்பாடு கடுமைதான். வருகிற கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று இப்படிப்பட்ட விடுதிகளில் இருந்த பெண்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அங்கே முதல்வர் பெண், விடுதிக் காப்பாளர் பெண், கணக்குப் பார்த்துக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் பெண், கொத்தனாரைக் கூப்பிட்டு "இந்தச் சுவரை இடித்துக் கட்டு" என்று சொல்கிறவரும் பெண். வீட்டில் உப்புப் புளி வாங்கவே ஆண் கையை எதிர்பார்த்திருந்த தாயின் மகள், பதினேழு வயதில் இதைத் தினமும் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம்.

இதை மத விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சேலத்தில் 1961-ல் தொடங்கிய சாரதா கல்லூரியையும் பெண் துறவியர்தான், யதீஸ்வரிகள்தான், நடத்தி வந்திருக்கிறார்கள். காவியானாலும் வெள்ளையானாலும் பெண்கள் நிர்வாகம்.

இன்று நம் நெடுஞ்சாலையோரம் மகளிர் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பேருந்து, நுழைவாயில் வளைவு எல்லாம் பிரமாதம். விளம்பரப் பலகையைப் பாருங்கள்: தலைவர், செயலர், தாளாளர் என்று ஆண்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். முதல்வர் அம்மா கடைசியில், சின்னப் படத்தில். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக்குக் குழாய் மாற்றவே முதல்வர் அறங்காவலர் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். பெண்கள் படிக்கிற கல்லூரி அது. பெண்கள் நடத்துகிற கல்லூரி என்று சொல்ல முடியாது.

கன்னியராகச் சேர்கிறவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இடத்துக்கு யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை. நிர்வாகக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருந்தால்தான் மகளிர் கல்லூரி என்று பெயர் வைக்கலாம் என்று அரசு ஒரு விதி போடலாம். அதுவரை, பேத்திக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறவர்கள் செயலர் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.